வீடு இருக்கிறது, உங்களுக்கு இல்லை

“யூ இண்டியன் ஆ?”

மலாக்காவில் வாடகை வீடு தேடி ஒரு தடவையாவது போன் போட்ட தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ‘ஆமாம்’ என்றதும் மறுமுனையில் கொஞ்சம் இழுவை. பிறகு, “சோரி, நேத்துதான் ஒருத்தர் டெபாசிட் கட்டிட்டார்.” அடுத்த வாரம் அதே வீடு, அதே படங்களோடு, அதே வாடகைக்கு மறுபடியும் விளம்பரத்தில் வரும். டெபாசிட் கட்டியவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுத்தான் என்ன பயன் என்று அடுத்த எண்ணை அழுத்தப் போய்விடுகிறோம்.

இது மரியாதையான மறுப்பு. மரியாதை பார்க்காத மறுப்பு விளம்பரத்திலேயே அச்சாகி வரும். மூன்று அறை, இரண்டு குளியலறை, கார் நிறுத்த இடம், செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதே வரியில் ‘சீனர் மட்டும்’ என்றோ ‘மலாய்க்காரர் மட்டும்’ என்றோ ‘நோ இண்டியன்’ என்றோ போட்டிருப்பார்கள். நாய்க்கும் நமக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான்.

புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பெரெண்டாமில் தொழிற்சாலைகள், ஆயர் குரோவில் மருத்துவமனையும் அரசு அலுவலகங்களும். படிக்கவும் பிழைக்கவும் வருகிற இளையவர்கள் மொய்க்கிற இடங்கள் இவை. பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், கல்லூரி வாசலில் முதல் நாளே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் மலாக்காவிலேயே பிறந்து, ஜாசின் பக்கமும் அலோர் காஜா பக்கமும் தோட்டத்தில் வளர்ந்து, பட்டணத்துக்கு வந்தவர்களின் கதை இன்னும் கொஞ்சம் பழையது.

மலாயாவில் வாணிபத்துக்கென்று ரப்பர் நட்ட முதல் இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896-ல் டான் சே யான் என்ற மலாக்கா சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பத்துச் சொச்சம் ஏக்கரில் ரப்பர் போட்டார். அது பிடித்துக்கொண்டதும் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் இறங்கினார். பின்னாலேயே கம்பெனிகள் வந்தன. கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி, புக்கிட் காஜாங், ஜாசின் லாலாங், தெபோங், காடெக், சுங்கை பாரு என்று தோட்டங்கள் எழும்பின. இந்தப் பெயர்களில் பல இன்றைக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் உயிரோடு இருக்கின்றன. பள்ளிக்குப் பெயர் கொடுத்த தோட்டத்தின் தொழிலாளர் லயம் பல இடங்களில் செம்பனைக்குள் மறைந்துவிட்டது.

தோட்டத்தில் வீடு சும்மா கிடைத்தது என்பார்கள். அது கூலியின் ஒரு பகுதி என்பதுதான் உண்மை. கதவில் சாயத்தில் எழுதிய எண், பொதுக் குழாய், தோட்டத்து எஞ்சின் ஓடும் நேரத்துக்கு மட்டும் விளக்கு. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்ற பட்டியல் கணக்கெழுதும் கிராணியின் மேசையில். பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கும் வரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போச்சு. அப்பா ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது, படித்துக்கொண்டிருந்த மகனைப் பால்வெட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. வீட்டில் ஒரு ஆளாவது தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் அந்தக் கூரை தங்கும். வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கூரையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

தோட்டக்காரர்கள் வாய் திறக்காமல் இருந்ததில்லை. 1967-ல் புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1960-ல், அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். துண்டு போட்டு விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிக்கொள்ளட்டும் என்ற யோசனை அது. 1973-ல் பிரதமர் துன் அப்துல் ரசாக், தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் வேண்டும் என்று பேசினார். அரை நூற்றாண்டு கழித்தும் உலு சிலாங்கூரில் ஐந்து தோட்டத்து மக்கள் அதே வீட்டுக்காகத்தான் போராடிக்கொண்டிருந்தார்கள் என்றால், பேச்சுக்கும் செங்கல்லுக்கும் இருந்த தூரம் புரியும்.

தோட்டம் கைமாறினாலோ மூடினாலோ 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் வரும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. நாள் கூலி 20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 12,000 ரிங்கிட். 1998-க்குப் பிறகு மலிவு விலை வீட்டின் உச்ச விலையே 42,000 ரிங்கிட். கையில் இருக்கிற காசுக்கும் வீட்டுக்கும் எட்டாது. ஆகவே வாடகை வீடு.

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டணத்து வீட்டுக்காரர் கேட்பது காகிதம். முந்தைய வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, தண்ணீர், மின்சார பில் யார் பெயரில், சம்பளச் சீட்டு எங்கே, வங்கியில் கடன் வரலாறு என்ன. மூன்று தலைமுறை லயத்தில் இருந்த குடும்பத்தில் வாடகை ஒப்பந்தம் எப்படி இருக்கும்? பல தோட்டங்களில் மின்சாரமும் தண்ணீரும் கம்பெனிக் கணக்கில் ஓடின. ஒரு தடவைகூடத் தவணை தவறாதவர்தான்; ஆனால் அதைச் சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. காகிதம் இல்லாதவரை எடைபோட வீட்டுக்காரர் கையில் எடுப்பது தோலின் நிறத்தையும் பெயரையும். தோட்ட நிர்வாகம் நூறு வருடம் செய்த கணக்குக்கு, தாமான் குடியிருப்பில் வீடு தேடும் பேத்தி வட்டி கட்டுகிறாள்.

பட்டணத்திலேயே பரம்பரையாக இருந்தவர்களும் தப்பவில்லை. போருக்கு முந்தைய பழைய கட்டடங்களின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தது 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-ல் அதை ரத்து செய்ய முடிவாகி, 2000 ஜனவரி பிறந்ததும் கட்டுப்பாடு முழுதாக விலகியது. மலாக்கா பழைய நகரத்துக் கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு இருந்த எல்லா இனத்தவரும் வெளியே வந்தார்கள். தையல்காரர், பூக்கடை, மாலை கட்டுகிறவர், கூலிக்காரர் எல்லாரும்தான். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் ஏறிய பிறகு அந்த வீடுகளுக்கு வந்த விலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே பழைய நகரத்தில், ஒரே தெரு வரிசையில் 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், அதன் அருகே பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனக் கோயில். ‘நல்லிணக்கத் தெரு’ என்று சுற்றுலா வழிகாட்டிகள் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். சாமிகளுக்குள் வாடகைத் தகராறு வந்ததில்லை.

காஜா பெராங்கில் இருக்கும் கம்போங் செட்டியை வேறு கணக்கில் பார்க்கலாம். சுல்தான்கள் காலத்திலிருந்து மலாக்காவில் ஊன்றி, மலாய் பேசி, சைவம் விடாத செட்டிச் சமூகத்தின் ஊர் அது. மரபுக் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். அப்படியிருந்தும் 2013, 2014 வாக்கில் பக்கத்திலேயே உயர்ந்த கட்டடத் திட்டம் கிளம்பியபோது அந்த மக்கள் தெருவுக்கு வந்து எதிர்க்க வேண்டியிருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காரணமாக வைத்துக் குடிமகனைப் பேதப்படுத்தக் கூடாது என்கிறது. சொத்து வாங்குவது, வைத்திருப்பது, விற்பது தொடர்பான சட்டங்களை நடைமுறைப்படுத்தும்போதும் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. படிக்க நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தப் பிரிவு கட்டிப்போடுவது அரசாங்கத்தை. தாமானில் இரண்டு வீடு வைத்திருப்பவரை அல்ல. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில், அரசியலமைப்பு உரிமையைப் பொது அதிகார அமைப்புகள் மீறினால்தான் அந்தக் கதவைத் தட்டலாம் என்று 2005-ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே அரசியலமைப்பில் 153-ஆவது பிரிவும் மலாய் ஒதுக்கீட்டு நிலம் பற்றிய பிரிவுகளும் இருக்கின்றன. புதிய குடியிருப்புகளில் பூமிபுத்ரா ஒதுக்கீடும் விலைக்கழிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு அளவில் நடப்பில் உள்ளன. அது அரசின் கொள்கை, தனி விவாதம். வாடகை மறுப்புக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது; வெறும் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா சேரப் போவதாக 2018-ல் பேச்சு எழுந்தது. நவம்பரில் அரசு பின்வாங்கியது; டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் அதை எதிர்த்தவர்கள் பேரணியே நடத்திவிட்டார்கள். குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வரும், இனம் பார்த்து வீடு மறுப்பதை அது கவனிக்கும் என்று ஜுரைடா கமாருடின் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில் நம்பிக்கை தந்தார்கள். ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், ஆய்வும் கலந்துரையாடலும் நடந்தன. சட்டம் இன்னும் வரைவுதான்.

வீட்டுக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்ல. வங்கிக் கடனில் இரண்டாவது வீடு வாங்கி, வாடகையில் தவணை கட்டுகிற சாதாரண மனிதர்கள். வாடகை கட்டாமல் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் வெளியேற்ற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கையில் இருப்பது இரண்டு மாத டெபாசிட். வீட்டை விற்கும் மேம்பாட்டாளர் மேல் புகார் செய்ய வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. வாடகைத் தகராறுக்கு அப்படி மலிவான, வேகமான இடம் இல்லை. அந்தப் பயத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த சுருக்கு வழி இனம். “போன தடவை ஒரு இந்தியர் மூணு மாசம் ஏமாத்திட்டார்” என்பார்கள். அதற்கு முந்திய தடவை வேறு இனத்தவர் ஏமாற்றியிருந்தால் அது அந்த ஆளின் குணம். நம்மவர் செய்தால் அது இனத்தின் குணம். சமையல் வாசனை என்ற காரணமும் வரும். தெருமுனைக் கடையில் மீன்தலைக் கறியை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறவரே அதைச் சொல்வார்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. தமிழ் வீட்டுக்காரரிடம் போய்ப் பாருங்கள். “வாங்க தம்பி, உக்காருங்க. எந்தத் தோட்டம்?” என்று அன்பாகத்தான் ஆரம்பிக்கும். “கெமெண்டோருங்க மாமா.” “ஓ, அங்க யாரு வீடு? தாத்தா பேரு என்ன?” தாத்தா பெயரிலிருந்து எங்கே போகப் பார்க்கிறார் என்று தம்பிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கோ வங்காளதேசத்துத் தொழிலாளிக்கோ ஆப்பிரிக்க மாணவனுக்கோ வீடு தருவீர்களா என்று நம் ஆட்களைக் கேட்டால் வருகிற பதில், நமக்கு வருகிற அதே பதில்தான். சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்ற ஒற்றை வரியில் எத்தனை சாதியை வடிகட்டுகிறார்கள் என்பதும் ஊரறிந்த சங்கதி.

மற்ற நாடுகள் இதை ஒரே நாளில் தீர்த்துவிடவில்லை. பிரிட்டன் 1965-ல் கொண்டுவந்த இன உறவுச் சட்டம் ஹோட்டலையும் மதுக்கடையையும் தொட்டது, வீட்டைத் தொடவில்லை. மூன்று வருடம் கழித்து, 1968 சட்டத்தில்தான் வீடு உள்ளே வந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஏழாவது நாள், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீடமைப்புச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். சட்டம் வந்ததும் ‘கறுப்பருக்கு இல்லை’ என்ற பலகை போனது. பதிலாக “வீடு காலி இல்லை” என்ற இனிய பொய் வந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த அதே பொய்.

அதைப் பிடிக்க அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவு என்று சொல்லிக்கொண்டு, ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தனித்தனியே போய் அதே வீட்டைக் கேட்பார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் பக்கம் ஹேவன்ஸ் என்ற வீட்டுக் கம்பெனியிடம் இப்படிப் போனபோது, கறுப்பினப் பெண்ணிடம் காலி இல்லை என்றார்கள், வெள்ளைக்காரரிடம் இருக்கிறது என்றார்கள். ‘நீ நிஜமாகக் குடிவர நினைத்தவள் இல்லையே, உனக்கு என்ன நஷ்டம்?’ என்று கம்பெனி வாதாடியது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சோதிக்க வந்தவளானாலும் அவளிடம் உண்மையைச் சொல்லும் கடமை இருந்தது, அவள் வழக்குப் போடலாம் என்றது. மலாக்காவில் இதைச் செய்து பார்க்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்து இந்திய மாணவர் சங்கம் ஒன்று, சீன, மலாய் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு செமஸ்டர் செய்தால் போதும். வழக்குக்கு ஆகாது; ஆனால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உறுப்பினர் கையில் வெறும் ஆதங்கத்துக்குப் பதில் பட்டியல் இருக்கும்.

தனி ஆள் என்ன செய்யலாம் என்றால், முதலில் எழுத்தில் வாங்குங்கள். போனில் மறுத்தவருக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: “வீடு இன்னும் காலியாக இருக்கிறதா? என் பெயர் இன்னது, இங்கே வேலை செய்கிறேன்.” பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம். விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படம்பிடித்து வையுங்கள், மாலைக்குள் அழித்துவிடுவார்கள். இடையில் முகவர் இருந்தால் அவருடைய பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவருக்காகப் பேரம் பேசும் பதிவு பெற்ற பிரதிநிதிகள் சிவப்பு அட்டை அணிய வேண்டும். அட்டையும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் அவர் சட்டப்படி முகவரே அல்ல. முகவர்களின் நடத்தை குறித்த புகாரை விசாரிக்க, 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. “ஓனர் அப்படிச் சொல்லச் சொன்னார்” என்று முகவர் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மனித உரிமை ஆணையமான சுஹாகாம் புகாரை வாங்கிக்கொள்ளும். பரிந்துரைதான் செய்ய முடியும், தண்டிக்க முடியாது. இருந்தாலும் அங்கே பதிவானது அதிகாரபூர்வ ஏட்டில் நிற்கும். கோமாஸ் மையம் என்ற மனித உரிமை அமைப்பு ஆண்டுதோறும் இன வெறுப்புச் சம்பவங்களை அறிக்கையாக்குகிறது. அங்கே அனுப்பலாம். இனப் பாகுபாடு பற்றி நம் ஆட்கள் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேசுவதில் நூற்றில் ஒரு பங்கு இப்படி எழுத்தாகியிருந்தால், வரைவுச் சட்டத்தில் அந்த ஒரு பிரிவை வைக்கலாமா வேண்டாமா என்று இத்தனை வருடம் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவருக்குக் கையில் உறுதியான ஆயுதம் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. 1950-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும்கூட, நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டுக்காரர் தன் கையால் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் வைப்பது எல்லாம் அந்தச் சட்டத்துக்கு விரோதம். அப்படி நடந்தால் அன்றைக்கே போலீஸ் புகார் செய்து, புகார் நகலை வாங்கிக்கொண்டு, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ அரசின் சட்ட உதவித் துறைக்கோ போகலாம். “இது சிவில் கேஸ்பா” என்று போலீஸ் நிலையத்தில் தட்டிக்கழித்தாலும், புகாரைப் பதிந்து நகல் கேட்பது உங்கள் உரிமை.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களை மறக்கக் கூடாது. இப்போது அங்கே லயத்தில் இருப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நிறைய. கூரை ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை, ஒரே அறையில் பத்துப் பேர் என்றால் 446-ஆம் எண் சட்டம் இருக்கிறது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் மனத்தில் வைத்து 1990-ல் வந்த இது, திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. தொழிலாளரைத் தங்கவைக்க முதலாளி தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் கிளை இருக்கும் தோட்டங்களில் சங்கத்தின் வழியாகவும் போகலாம். ஓய்வு பெறப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: இத்தனை வருடம் இந்த எண் வீட்டில் பிரச்சினை இல்லாமல் குடியிருந்தார் என்று நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குவது. மேலாளர் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் உள்ள ஒரு பக்கம். பட்டணத்தில் வீட்டுக்காரர் முந்தைய வாடகை விவரம் கேட்கும்போது நீட்ட, பல குடும்பங்களுக்கு அது முதல் காகிதமாக இருக்கும்.